விண்ணாணக் கேள்வி கேட்கும் வயது

இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னிப் பக்கத்தில் விண்ணாணம் என்று ஒரு சொல் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிக் கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்க அது ஒன்றே போதும். "உந்த விண்ணாணக் கேள்வியளை விட்டிட்டுச் சாப்பிடு" என்றால் பிள்ளைக்கு விளங்கிவிடும். அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் விடுப்பு. வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது விடுப்பு, பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் காது கொடுப்பது விடுப்பு. இரண்டும் பாராட்டுச் சொற்கள் இல்லை. வேடிக்கை என்னவென்றால் விண்ணாணத்தின் வேர் வடமொழியின் விஞ்ஞானம்தான். பிராகிருதம் வழியாகச் சுற்றித் தமிழுக்கு வந்து இப்படியானது. நேர்வழியில் வந்த விஞ்ஞானத்தைப் பாடசாலையில் பாடமாக வைத்திருக்கிறோம். சுற்றி வந்த விண்ணாணத்தை வீட்டில் ஏச்சாக வைத்திருக்கிறோம்.

காலபோக நெல் விதைப்புக்கான முதல் மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் இந்தச் சொல் என் காதில் விழுந்தது. ஒட்டுசுட்டான் பக்கம் அக்கா வீட்டில் நின்றேன். அக்காவின் மகளுக்கு ஐந்து வயது. சனிக்கிழமைகளில் அவளுக்குச் சூமில் ஒரு வகுப்பு. போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, பாயை விரித்து அதன் முன்னால் இருந்தாள். அன்றைய பாடம் பூச்சிகள். திரையில் ஒரு வண்ணத்துப்பூச்சி, பிறகு ஒரு தேனீ, பிறகு ஓர் எறும்பு. அவளுடைய உள்ளங்கையிலோ முற்றத்தில் பொறுக்கிய தம்பளப்பூச்சி, சிவப்புப் பட்டில் வெட்டிய பொட்டு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. கையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோய், "ரீச்சர், இது மழைக்கு முதல் எங்க இருந்தது?" என்று கேட்டாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் மியூட் பண்ணி வைத்திருந்தார்கள். ஆசிரியை எறும்பைத் தாண்டி வெட்டுக்கிளிக்குப் போய்விட்டார். இன்னொரு தரம் கேட்டாள். குசினிக்குள் இருந்து அக்கா, "விண்ணாணம் கேக்காம போனைப் பாருங்கோ பிள்ளை" என்றாள்.

ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூமின் இலவசக் கணக்கில் கூட்டு வகுப்பு 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு 80 விநாடி. அக்காவையும் குறை சொல்ல முடியாது. டேட்டாவுக்குக் காசு கட்டியவள், கட்டிய காசுக்குப் பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைக்கிறாள். இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். கேள்வி மட்டும் நடுவில் விழுந்துவிட்டது.

வன்னிக்கு ஒன்லைன் படிப்பு நாங்கள் அழைத்து வந்த விருந்தாளி இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது வாசலில் வந்து நின்றது. அப்போது அது பெரும்பாலும் வட்ஸ்அப்தான்: பயிற்சித்தாளின் படம் குழுவுக்கு வரும், பிள்ளை கொப்பியில் செய்யும், அம்மா அதைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவா. 2022 இல் பொருளாதாரம் விழுந்தது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. பெற்றோல் இல்லாமல் ஆசிரியர்கள் பாடசாலைக்கு வர முடியாமல் போக, அந்த வருட நடுப்பகுதியில் வகுப்புகள் மறுபடி போனுக்குள் போயின. நெருக்கடி போனது, போன் போகவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு அதில் நடக்கிறது. யாழ்ப்பாணத்து ரியூசன் அதில் வருகிறது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் சனி ஞாயிறுகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுப்பதும் அதில்தான். முன்பள்ளி வயதுப் பிள்ளைக்கு யூரியூப்பில் எழுத்துப் பாட்டு. வீட்டுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு நல்ல போன், அதுவும் அப்பாவோடு வயலுக்கோ கடலுக்கோ போய்விடும். குளக்கட்டில் ஏறினால்தான் கவரேஜ் வரும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

இந்தத் தட்டுப்பாடுகளைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எல்லாம் உண்மை. ஆனால் கவரேஜ் நாலு கோடும் நிறைந்து நிற்கிற வீட்டிலும் அந்தத் தம்பளப்பூச்சிக் கேள்வி விழுந்துதான் போயிருக்கும் என்பது என் எண்ணம். ஏனென்று விளங்க, அறியும் ஆவல் பிள்ளைக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நொடி போடுவது மாதிரி

அமெரிக்காவில் ஜோர்ஜ் லோவன்ஸ்டீன் என்ற ஆய்வாளர் 1994 இல் ஒரு விளக்கம் சொன்னார். தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பது கண்ணில் படும்போது மனம் அரிக்கத் தொடங்கும், அந்த அரிப்புத்தான் ஆவல் என்றார். ஒன்றுமே தெரியாவிட்டால் அரிக்காது, முழுக்கத் தெரிந்தாலும் அரிக்காது. எங்கள் அம்மம்மாக்களுக்கு இது புதுக்கதை இல்லை. அவர்கள் நொடி, அதாவது விடுகதை, போட்டவர்கள். "காட்டில பச்சை, கடையில கறுப்பு, வீட்டில சிவப்பு, அது என்ன?" பச்சையும் தெரியும், கறுப்பும் தெரியும், சிவப்பும் தெரியும். மூன்றையும் கட்டும் முடிச்சு மட்டும் தெரியாது. தேயிலை என்று உடனே சொல்லிவிட்டால் விளையாட்டு அதோடு முடிந்தது. அம்மம்மா உடனே சொல்லமாட்டா. தேத்தண்ணிக் கோப்பையை ஒருதரம் கண்ணால் காட்டுவா, அவ்வளவுதான்.

பேசத் தெரியாத குழந்தைகளிடமும் இதன் நிழல் இருக்கிறது. 2012 இல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனையில், மிக எளிதாக ஊகிக்கக்கூடிய காட்சியிலிருந்தும் தலைகால் தெரியாத காட்சியிலிருந்தும் குழந்தைகள் கண்ணை விலக்கிக்கொண்டார்கள். நடுத்தரமான புதிரில் பார்வை தங்கியது. ஆக, பிள்ளைக்கு ஏற்கனவே பாதி தெரிந்த ஒன்றில்தான் ஆவல் பற்றிக்கொள்ளும். வன்னிப் பிள்ளைக்குப் பாதி தெரிந்தது எது? பனிமனிதனும் ஆப்பிள் தோட்டமும் இல்லை. இதற்குத் திரும்ப வருகிறேன்.

பேச்சு வந்த பிறகு ஆவல் கேள்வியாக வாய்க்கு வருகிறது. மிஷேல் ஷுனார் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களோடு கதைத்த ஏறத்தாழ 230 மணித்தியாலப் பதிவுகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். 24,000 க்கு மேல் கேள்விகள். மணிக்கு 107. அம்மாமார் ஏன் களைத்துப் போகிறார்கள் என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

இன்னொரு கணக்கு இதைவிட எனக்குப் பிடித்தது. பிரித்தானியாவில் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் இருவரும் நான்கு வயதுச் சிறுமிகள் 30 பேரின் பேச்சை வீட்டிலும் முன்பள்ளியிலும் பதிவு செய்தார்கள். 1984 இல் வெளிவந்த முடிவு இது: வீட்டில் அம்மாவிடம் மணிக்குச் சராசரி 26 கேள்வி கேட்ட பிள்ளைகள், முன்பள்ளியில் ஆசிரியையிடம் கேட்டது மணிக்கு 2. தொழிலாளர் வீடு, வசதியான வீடு என்ற வித்தியாசமில்லாமல் வீட்டுப் பேச்சு செழிப்பாக இருந்தது. ஒரு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்ன பதில்களில் நிறையக் கல்வி இருந்தது. முன்பள்ளி மோசமானதால் இப்படி ஆகவில்லை. கூட்டத்தில் கேள்வி கேட்கும் வேலை ஆசிரியையின் கைக்குப் போய்விடுகிறது, பதில் சொல்வது பிள்ளையின் வேலை ஆகிவிடுகிறது. சூமில் மியூட்டும் சேர்ந்தால் மணிக்கு அந்த 2 கேள்வியும் பூச்சியமாகிவிடும்.

ஒன்லைன் வகுப்பு எங்கள் வீடுகளுக்குச் செய்த ஒரு காரியம் அதிகம் பேசப்படாதது. அது வகுப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்தது, வீட்டின் நல்ல பழக்கத்தை வகுப்புக்குள் விடவில்லை. மாறாக, மணிக்கு 26 கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் மணிக்கு 2 கேள்வி கேட்கும் ஒழுங்கு வந்து பாய் விரித்துக்கொண்டது. அக்கா "போனைப் பாருங்கோ" என்று சொன்னபோது அவள் அம்மாவாக இருக்கவில்லை, வகுப்பின் உதவி ஆசிரியையாக இருந்தாள்.

திரும்பிப் பார்க்கிற ஆள்

சரி, திரைதான் குற்றவாளியா? அப்படியும் சொல்ல முடியாது.

சியாட்டிலில் பட்ரீசியா குல் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீனமொழி பேசும் ஓர் ஆள் நேரில் இருந்து 12 தடவை கதைத்து விளையாடினார். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியப் பழகிவிட்டார்கள். அதே ஆளை, அதே பேச்சை, அதே அளவு நேரம் வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த இடத்தில் நிறுத்தினால் போனை எடுத்துக் குளத்தில் எறியலாம். ஆனால் 2014 இல் சாரா ரோஸ்பெரி குழுவினர் இன்னொன்றைப் பார்த்தார்கள். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். நேரில் படித்தவர்களும் வீடியோ கோலில் படித்தவர்களும் ஒரே மாதிரிக் கற்றார்கள். வேறொரு பிள்ளையோடு நடந்த கோலின் பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை.

வித்தியாசம் என்னவென்றால், கோலில் இருக்கும் ஆள் பிள்ளை சிரித்தால் சிரிக்கிறார், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் தருகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் திரும்பிப் பார்க்கிறார். வன்னியில் இதற்குப் பெரிய பரிசோதனைக்கூடம் தேவையில்லை. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவோடு வீடியோ கோலில் கதைக்கும் மூன்று வயதுப் பிள்ளையைப் பாருங்கள். கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டும். பெரியம்மா, "ஐயோ, இது எப்ப பொரிச்சது? அம்மாக்கோழி கொத்தேல்லையோ?" என்பா. பிள்ளை ஓடிப்போய் அம்மாக்கோழியையும் பிடிக்கப் பார்க்கும். அந்தப் பத்து நிமிடம் ஒரு வகுப்பு என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

கோலுக்கும் யூரியூப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. "இத்தனை மணித்தியாலம் போன் பார்த்தான்" என்று ஒரே கணக்கில் போடுவது கீரையையும் மிட்டாயையும் ஒரே தராசில் நிறுப்பது மாதிரி. நேரத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்தான். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே ஒரே இடத்தில் இருந்துகொண்டு திரை பார்க்கவே தேவையில்லை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. யூரியூப்பில் ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடும் பொத்தானை முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள். ஒரு காணொளி முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த நடுவெளியில்தான் பிள்ளையின் கேள்வி பிறக்க வேண்டும். அந்த இடத்தைச் செயலி அடைத்துவிடுகிறது.

சொல்லிக்கொடுப்பதிலேயே ஒரு பொறி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எலிசபெத் போனவிட்ஸ் குழுவினர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு விளையாட்டுப் பொருளுக்குள் நான்கு வித்தைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று கத்தும், இன்னோரிடத்தில் வெளிச்சம் வரும், இப்படி நான்கு. ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் ஆசிரியர், "இது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன்" என்று கீச்சொலியை மட்டும் காட்டினார். மற்றவர்களிடம் தற்செயலாகப் பட்டதுபோலக் கீச்சிட வைத்தார், அல்லது ஒன்றும் காட்டாமல் கொடுத்தார். காட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் கீச்சொலியோடு நின்றுவிட்டார்கள். ரீச்சர் காட்டியது இவ்வளவுதான் என்றால் இதில் இருப்பது இவ்வளவுதான் என்று அவர்களுடைய சின்ன மூளை நியாயமாக முடிவு கட்டியது. மற்றவர்கள் தோண்டித் துருவி மீதியையும் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஒன்லைன் வகுப்புகள், முக்கியமாகப் புலமைப்பரிசிலை மூன்றாம் வகுப்பிலிருந்தே குறிவைத்து ஓடுபவை, முழுக்கக் கீச்சொலி காட்டும் வகுப்புகள். கடந்தகால வினாத்தாள், விடை, அடுத்தது. அந்தப் பரீட்சையின் கட்டாயம் எனக்கும் தெரியும். நல்ல பாடசாலை தூரத்தில் இருக்கும் ஊரில் அது ஒரு கதவு. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேகத்தைக் கொடுப்பது, மேயப் போகாத கன்றுக்குச் சூடு போடுவது மாதிரி.

தொடாதே, கேட்காதே

இனி, ஆய்வுக் கட்டுரைகளில் இல்லாத, எங்கள் மண்ணுக்கு மட்டும் உரிய ஒரு காரணம்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளை இப்போது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அதற்கு ஐந்து வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம். இன்றைக்கு வன்னியில் முன்பள்ளி வாசலில் நிற்கும் அம்மா அப்பாக்களில் கனபேர் அந்த வயதுக்காரர். அவர்கள் எப்படி வளர்ந்தவர்கள்? பங்கருக்குள் இருக்கும்போது சத்தம் போடாதே. ஏன் ஓடுகிறோம் என்று கேட்காதே, ஓடு. முகாமில் வந்து யாரும் விசாரித்தால் வாயைத் திறக்காதே. திரும்பி வந்த பிறகு, பாதையை விட்டு இறங்காதே, கிடக்கிற பொருளைத் தொடாதே. சிவப்புப் பலகையில் மண்டையோடும் மிதிவெடி என்ற எழுத்தும் பார்த்து எழுத்துக்கூட்டிப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.

இது பெற்றோரின் அறியாமையால் வந்ததென்று வெளியில் இருந்து வருபவர்கள் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் கோபம் வரும். வன்னியில் விடுப்புப் பார்த்த கை இல்லாமல் போனதுண்டு. தொடாதே என்பது இங்கே உயிர்காத்த பாடம். இன்றைக்கும் அது முடிந்த பாடம் இல்லை. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க அதற்குள்ள தவணை 2028 ஜூன். கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் மண்ணைச் சாண் சாணாகக் கிளறிய வேலை எத்தனை வருடம் இழுத்தது என்று அந்த வழியால் பஸ்ஸில் போனவர்கள் கண்டிருப்பார்கள். ஆகவே தெரியாத இரும்பைத் தொடாதே என்று இப்போதும் சொல்ல வேண்டும், கண்டால் பெரியவர்களிடம் ஓடி வந்து சொல் என்றும் பழக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கையைக் கட்டிய அதே கயிறு வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது. தொடாதே என்பதோடு கேட்காதேயும் ஒட்டிக்கொண்டது. பதில் சொல்ல முடியாத கேள்விகளும் எங்கள் வீடுகளில் உண்டு. சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டி, "இந்த மாமா எங்க?" என்று நான்கு வயதுப் பிள்ளை கேட்கும். அம்மா கதையை மாற்றுவா. இரண்டு மூன்று தரம் அப்படி நடந்தால் பிள்ளைக்கு விளங்கிவிடும்: சில கேள்விகளுக்கு அம்மாவின் முகம் மாறும். எந்தக் கேள்விக்கு மாறும் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளும். இந்த அமைதியான வீட்டுக்குள்தான் போன் வந்திருக்கிறது. அது கேள்வி கேட்காது, முகமும் மாறாது, பிள்ளையைச் சத்தமில்லாமல் வைத்திருக்கும். எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. அதனால்தான் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகள் பதிலின் தரத்தை நன்றாகவே எடைபோடுகிறார்கள். 2009 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், "ஏன்" என்று கேட்ட சின்னப்பிள்ளைக்கு உண்மையான விளக்கம் கிடைத்தபோது தலையை ஆட்டியது, அல்லது அடுத்த கேள்விக்குப் போனது. "அது அப்படித்தான்" என்ற மாதிரிப் பதில் கிடைத்தபோது அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டது, அல்லது தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டது. ஆகத் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை அரியண்டம் கொடுக்கவில்லை. பதில் கிடைக்கவில்லை என்று சொல்லுகிறது.

"எங்களுக்கு விஞ்ஞானம் தெரியாதே, என்னத்தைச் சொல்ல?" என்று அக்கா மாதிரி அம்மாமார் கேட்பது நியாயம்தான். அவர்களுக்கு நான் சொல்வது காளிக்குப்பத்துக் கதை. சுகதா மித்ரா 1999 இல் டில்லியில் ஒரு சேரிச் சுவரில் கணினியைப் பதித்துவிட்டு, பிள்ளைகள் தாங்களாகவே கற்பதைப் பார்த்தவர். அவரும் ரித்து டங்வாலும் 2010 இல் எழுதிய ஆய்வு, தென்னிந்தியாவில் சுனாமி அடித்த காளிக்குப்பம் என்ற கிராமத்தில் நடந்தது. தமிழ் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், பொதுவில் வைத்த கணினி, பாடம் மூலக்கூற்று உயிரியல். தனியே விட்டபோதே பக்கத்து அரச பாடசாலைப் பிள்ளைகளின் அளவுக்கு வந்தார்கள். பிறகு அந்தப் பாடம் துளியும் தெரியாத ஒருவரைத் துணைக்கு வைத்தார்கள். பக்கத்தில் இருந்து வியந்து உற்சாகம் கொடுப்பதுதான் அவருக்கு வேலை. பிள்ளைகள் டில்லியின் வசதியான தனியார் பாடசாலை அளவுக்கு ஏறினார்கள். மித்ரா இதைப் பாட்டியின் முறை என்கிறார். அவருடைய சுவர்க் கணினிகளுக்கு விமர்சனமும் உண்டு. இமயமலைப் பக்கம் இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்த பாயல் அரோரா, அவை கைவிடப்பட்டுக் கிடந்ததாக அதே 2010 இல் எழுதினார். காளிக்குப்பத்துப் பிள்ளைகள் எங்கள் ஐந்து வயதுக்காரரைவிடப் பெரியவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இருந்தாலும் நடுவில் உள்ள செய்தி எனக்குப் போதும்: பக்கத்தில் இருக்கிற ஆளுக்குப் பதில் தெரிந்திருக்கத் தேவையில்லை. கணினி மட்டும் நின்ற இடங்கள் சில கைவிடப்பட்டன. பாட்டி நின்ற இடம் ஏறியது.

வன்னியில் வேறு எது குறைந்தாலும் அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் குறைவில்லை.

தம்பளப்பூச்சிக்கு எத்தனை கால்?

அன்றைக்கு மத்தியானம் நான் அந்தப் பூச்சியைத் தேடிப் பார்த்தேன். தம்பளப்பூச்சி என்று போட்டால் போன் முழித்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பட்டுப்பூச்சி, வெல்வெட் பூச்சி என்று வேறு பெயர்கள். சங்கப் பாட்டுகளில் ஈயல் மூதாய், அதைப் பவளத்தோடு சேர்த்துப் பாடியிருக்கிறார்கள். பெயர் மாறிய பிறகு விஷயம் கிடைத்தது. வளர்ந்த தம்பளப்பூச்சிக்கு எட்டுக் கால். அது பூச்சியே இல்லை, சிலந்தியின் சொந்தக்காரன். வருடத்தில் பெரும் பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழை விட்ட பிறகு இரை தேடவும் இணை தேடவும் மேலே வரும். அந்தச் சிவப்பு, என்னைத் தின்றால் கசக்கும் என்று பறவைகளுக்குச் சொல்லும் அறிவித்தல்.

இதில் எனக்கு வந்த கவலையைச் சொல்கிறேன். அன்றைய சூம் பாடம் பூச்சிகள், பூச்சிக்கு ஆறு கால். எட்டுக் காலோடு ஒன்று பிள்ளையின் கையிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. பாடத்தை உடைத்துக் கட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "எல்லாரும் முற்றத்துக்குப் போய் ஒன்றைப் பிடித்து வந்து காலை எண்ணுங்கோ, ஐந்து நிமிடம்" என்று சொல்லியிருந்தால் முப்பது வீட்டு முற்றமும் வகுப்பாகியிருக்கும். ஒன்லைனில் இது நேர் வகுப்பைவிடச் சுலபம் என்பதுதான் விசித்திரம். பாடசாலை மேசைக்குப் பக்கத்தில் முற்றம் இல்லை, போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இணையத்தில் இருக்கும் சிறுவர் தமிழ் பெரும்பாலும் வேறெங்கோ இருந்து வருகிறது. அது தவறில்லை, ஸ்டோரிவீவர் மாதிரி 2015 முதல் இலவசமாகக் கதைகள் தரும் தளங்களை நானே பிள்ளைகளுக்குத் திறந்து கொடுக்கிறேன். ஆனால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசு என்றால் என்ன, குளம் நிறைந்து வான் பாயும்போது மீன் ஏன் எதிர்த்து ஏறுகிறது, பாலைப்பழக் காலத்தில் கரடி ஏன் மரத்தடிக்கு வருகிறது என்று எந்தக் காணொளியும் எங்கள் பிள்ளையிடம் கேட்கப் போவதில்லை. பாதி தெரிந்ததில்தான் ஆவல் பற்றும் என்று மேலே சொன்னேன். எங்கள் பிள்ளைக்குப் பாதி தெரிந்தவை இவைதான். குளக்கட்டில் சைக்கிளில் போகும்போது கண்டது, பெரியப்பா சொன்னதில் அரைவாசி கேட்டது. ஊர்ப் பெயர்களே கேள்விகள். மாங்குளம், புளியங்குளம், ஏன் இவ்வளவு குளம்? இரணைமடுவில் இரணை என்ன? இரட்டை என்று சொன்னால், அப்ப மற்றது எங்கே என்று அடுத்தது வரும். வரட்டும்.

முதலாம் வகுப்பிலிருந்து பாடசாலையில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. பெயரில் சுற்றாடலும் உண்டு, செயற்பாடும் உண்டு. போனுக்குள் போனதும் இரண்டும் படமாகிவிடுகின்றன. தண்ணீரைப் பற்றிய காணொளி ஓடினால் இடையில் நிறுத்தி, "எங்கட கிணத்துத் தண்ணி இப்ப எவ்வளவு ஆழத்தில கிடக்கு? கயிறு எத்தனை முழம் போகும்?" என்று கேட்க அம்மாவுக்கு ஒரு பட்டமும் தேவையில்லை. பிள்ளை சொல்லும் விடை பிழையாக இருக்கலாம், முதலில் ஊகிக்கட்டும், பிறகு அளக்கட்டும். போனில் தமிழில் வாயால் கேட்டே தேடலாம், இப்போது கேட்டவுடன் பத்தி பத்தியாகப் பதில் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றை நான் பயப்படுவது பிழையாகச் சொல்லிவிடும் என்பதால் மட்டும் இல்லை. நொடி போட்ட அடுத்த விநாடியே விடையைக் கத்திவிடும் அண்ணன் மாதிரி அவை. அதனால் அக்கா வீட்டில் இப்போது ஒரு வழக்கம்: தேடுவதற்கு முதல் வீட்டில் எல்லாரும் ஓர் ஊகம் சொல்ல வேண்டும். அத்தானின் ஊகங்கள்தான் பெரும்பாலும் படுமோசம். பிள்ளைக்கு அதில் தனிச் சந்தோசம்.

ஆசிரியர்களுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, அவர்களுடைய கஷ்டம் பெரிது. வகுப்பில் கேட்க முடியாத கேள்வியைப் பிள்ளை வட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பட்டும். கிழமைக்கு ஒன்றே ஒன்றை எடுத்து, "இந்தப் பிள்ளை இப்படிக் கேட்டிருக்கு, எனக்கும் தெரியாது, யார் வீட்டில தெரியும்?" என்று வகுப்பில் போட்டால் போதும். ஆசிரியர் தெரியாது என்று சொல்வதை எங்கள் பிள்ளைகள் ஒரு தரமாவது கேட்க வேண்டும்.

2018 இல் அமெரிக்காவில் 6,200 பிள்ளைகளின் தரவை வைத்து மிச்சிகன் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். ஆவல் கூடிய பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னுக்கு நின்றார்கள். அந்தத் தொடர்பு வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இன்னும் பலமாக இருந்தது. இதிலிருந்து ஆவல்தான் புள்ளியைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் புலமைப்பரிசிலுக்காக விண்ணாணத்தை அடக்கும் அக்காவிடம் காட்ட எனக்கு இது உதவியது.

அந்தச் சனிக்கிழமையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அக்கா ஏசியதும் பிள்ளை கையைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மம்மாவின் காதில் அந்தக் கேள்வி இரண்டு தரமும் விழுந்திருக்கிறது. உரலை வைத்துவிட்டு எழும்பினா. "எனக்கும் தெரியேல்லை குஞ்சு. வா, கிண்டிப் பாப்பம்" என்றா. இரண்டு பேரும் பழைய அகப்பை ஒன்றால் மாமரத்தடியில் ஈரமண்ணைக் கிளறினார்கள். தம்பளப்பூச்சி ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மண்புழு வந்தது, கறையான் கொஞ்சம் வந்தது. மழை பெய்தால் கறையான் வீட்டுக்குள்ளே தண்ணி போகாதா என்று அவள் கேட்டாள். அம்மம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலியோரத்துப் புற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

பாயில் தண்ணீர்ப் போத்தலில் சாய்ந்திருந்த போனில் வகுப்பு அறுந்து கனநேரம்.